வேலை விளம்பரத்தில் சம்பளத்தை எழுத வேண்டுமா? சட்டம், கணக்கு, நடைமுறை

காரைக்குடியில் ஒட்டப்படும் "ஆட்கள் தேவை" சுவரொட்டியில் வேலையின் பெயர் இருக்கும், வயது இருக்கும், கைபேசி எண் பெரிதாக இருக்கும். சம்பளம் வர வேண்டிய இடத்தில் "தகுதிக்கேற்ப", "அனுபவத்துக்கேற்ப", "நேரில் பேசிக்கொள்ளலாம்" ஆகிய மூன்றில் ஒன்று நிற்கும். தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற விளம்பரங்களும் இதே அச்சில் வார்த்தவைதான்.

2025 நவம்பர் 21 அன்று இந்தியாவின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சம்பள வெளிப்படைத்தன்மை விதிகளை உறுப்பு நாடுகள் தங்கள் சட்டமாக்க 2026 ஜூன் 7 கெடு. இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தவர்கள், இனி இங்கேயும் விளம்பரத்தில் சம்பளம் போட்டாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படிக் கட்டாயம் இந்தியாவில் இல்லை. ஆனாலும் எழுதுவதே சரி. எந்தத் தொகையை, எப்படி எழுதுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

எந்தத் தொகைக்குச் சம்பளம் என்று பெயர்?

ஒரே வேலைக்கு நான்கு தொகைகளைச் சொல்ல முடியும். நான்கும் உண்மையாகவே இருக்கும்.

1. சி.டி.சி., அதாவது காஸ்ட் டு கம்பெனி. ஒரு பணியாளருக்காக நிறுவனம் ஓராண்டில் செலவிடும் எல்லாம் இதில் அடக்கம். நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) பங்கு, பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) ஒதுக்குவது, காப்பீட்டுப் பிரீமியம், இலக்கை எட்டினால் மட்டும் கிடைக்கும் ஊக்கத்தொகை எல்லாம் சேரும்.

2. மொத்தச் சம்பளம். மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தங்களுக்கு முன் வரும் கூட்டுத்தொகை. கிராஸ் என்பது இதுதான்.

3. அடிப்படைச் சம்பளம். பேசிக்கும் அகவிலைப்படியும் சேர்ந்தது. பி.எஃப்., பணிக்கொடை, போனஸ் ஆகியவற்றின் கணக்குக்கு இதுதான் வேர்.

4. கைக்கு வருவது. எல்லாப் பிடித்தமும் போக வங்கிக் கணக்கில் விழும் தொகை. வீட்டு வாடகையும் மளிகையும் இதிலிருந்துதான்.

முதலாவதற்கும் நான்காவதற்கும் இடையே எவ்வளவு இடைவெளி விழும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். விளம்பரத்தில் "ஆண்டுக்கு 4,20,000" என்று சி.டி.சி. போட்டிருக்கிறது. மாதத்துக்கு 35,000. அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, 17,500.

- நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, 15,000 ரூபாய் உச்சவரம்பில் 12 சதவீதம்: 1,800
- பி.எஃப். நிர்வாகக் கட்டணம், பி.எஃப்.போடு இணைந்த காப்பீடு, தலா அரை சதவீதம்: 150
- பணிக்கொடை ஒதுக்கீடு, அடிப்படையில் 4.81 சதவீதம்: 842
- ஊக்கத்தொகை என்று பிரித்து வைத்த 10 சதவீதம்: 3,500
- மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் என்று வைத்துக்கொள்ளும் தொகை: 500

இவை போக மொத்தச் சம்பளம் 28,208. அதிலிருந்து பணியாளரின் பி.எஃப். பங்கு 1,800 கழியும். தொழில் வரி ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500, மாதக் கணக்கில் சுமார் 208. கைக்கு வருவது 26,200 ரூபாய். விளம்பரத்தைப் பார்த்து 35,000 என்று வீட்டில் சொன்ன பிள்ளைக்கு மாதம் 8,800 குறைகிறது. பி.எஃப்.பும் பணிக்கொடையும் பின்னால் அவருக்கே வந்து சேரும் பணம்தான். ஆனாலும் அடுத்த மாத வாடகைக்கு அது உதவாது. பணிக்கொடைக்கு நிரந்தரப் பணியாளர் பொதுவாக ஐந்தாண்டு நிறைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் விலகினால் அந்த 842 கணக்கில் மட்டுமே இருந்த தொகை.

கடை, பட்டறை, விடுதி வேலைகளில் சிக்கல் வேறு மாதிரி வரும். "சம்பளம் 18,000, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு" என்று போட்டிருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. என்பது தொழிலாளர் அரசுக் காப்பீடு. அடிப்படை 12,000, வீட்டு வாடகைப்படி 6,000 என்றால், பணியாளரிடம் பிடிக்க வேண்டியது பி.எஃப். 1,440, இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் 135. கைக்கு 16,425 வர வேண்டும். சில இடங்களில் நிறுவனத்தின் 1,440-ஐயும், 3.25 சதவீத இ.எஸ்.ஐ. பங்கான 585-ஐயும் சேர்த்தே கழித்துக்கொண்டு 14,400 கொடுக்கிறார்கள். பேசிய சம்பளத்திலிருந்து முதலாளியின் பங்கைப் பணியாளரிடம் பிடிப்பதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. "பிடித்தத்துக்கு முன்" என்ற சொற்கள் விளம்பரத்தில் எழுத்தாக இருந்திருந்தால் இந்த வாக்குவாதம் முதல் மாதத்திலேயே தீர்ந்திருக்கும்.

நேரத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 18,000 ரூபாயை 26 நாள், 8 மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 86 ரூபாய் 50 காசு. அதே தொகைக்குக் காலை 9 முதல் இரவு 9 வரை நிற்க வேண்டுமென்றால் மணிக்கு 57 ரூபாய் 70 காசு. நேரத்தைச் சொல்லாத சம்பளம் அரைத் தகவல்தான்.

இந்தியச் சட்டம் எங்கே நிற்கிறது?

சம்பளம் பற்றி முதலாளிக்குச் சட்டம் பல கடமைகளை வைத்திருக்கிறது. அவற்றில் ஏறத்தாழ எல்லாமே ஆளை எடுத்த பிறகு வருபவை.

1. பணி நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020 சட்டத் தொகுப்பு இதைக் கடமையாக்குகிறது.

2. ஒரே வேலைக்கு ஆண், பெண் என்று பார்த்துச் சம்பளத்தை மாற்றக் கூடாது. 1976 சம ஊதியச் சட்டத்தில் இருந்த இந்த விதி இப்போது 2019 ஊதியச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. ஆளெடுக்கும் கட்டத்துக்கும் இது பொருந்தும்.

3. குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது.

4. படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் "ஊதியம்" என்றே கணக்கிடப்படும். பேசிக்கைச் சிறிதாக்கிப் படிகளை ஊதிப் பெருக்கும் பழக்கத்துக்குப் போட்ட கடிவாளம் இது.

ஆளை எடுப்பதற்கு முன் சம்பளத்தைச் சொல்லச் சொன்ன பழைய சட்டம் ஒன்று உண்டு. 1959-இல் வந்த, காலிப்பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் கட்டாயமாக அறிவிக்கும் சட்டம் அது. தனியார் துறையில் 25 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் காலியிடத்தை அறிவிக்க வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தில் "சம்பளமும் படிகளும்" என்று தனி வரியே இருந்தது. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சுவரொட்டியிலோ நாளிதழிலோ போடும் விளம்பரத்தையும் அது தொடவில்லை. அந்தச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆக, அலுவலகப் படிவத்தில் சம்பளம் எழுதுவது நமக்கு 60 ஆண்டுக்கு மேலான பழக்கம். வேலை தேடுகிறவரின் கண்ணில் படும் இடத்தில் எழுதுவதுதான் நின்றுபோய்க் கிடக்கிறது.

அரசு அறிவிப்புகள் இதற்கு விலக்கு. கிராம நிர்வாக அலுவலர் பணிக்கான தேர்வாணைய அறிவிப்பில் 19,500 முதல் 71,900 வரை, நிலை 8 என்று இருக்கும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரியின் வேலை அறிவிப்பைப் பார்த்தாலும் ஊதிய நிலை எழுதியிருக்கும். இங்கே ஒரு தவறான வாசிப்பு பரவலாக இருக்கிறது. 71,900 என்பது அந்த ஊதிய நிலையின் கடைசிப் படி. ஆண்டுதோறும் ஏறி ஏறிப் போய்ச் சேரும் இடம். புதிதாகச் சேர்பவருக்கு அடிப்படைச் சம்பளம் 19,500, அதன் மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும். அரசு தருவது பணிக்கால வரம்பு. தனியார் விளம்பரத்தில் வேலை தேடுபவருக்கு வேண்டியது நியமன வரம்பு, அதாவது சேரும் நாளில் எதிலிருந்து எதுவரை என்பது. இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசினால் விவாதம் ஒரே இடத்தில் சுற்றும்.

கப்பலேறும் முன் பேசிய சம்பளம்

இந்த வட்டாரத்துக்கு முன்கூட்டிப் பேசுவது புதிதல்ல. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் நகரத்தார் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில், கடைக்கு அனுப்பும் ஆளுக்கு மூன்றாண்டுத் தவணை. அந்தத் தவணைக்கான சம்பளம் ஊரிலேயே பேசி முடிக்கப்பட்டு, ஒரு பகுதி முன்பணமாக வீட்டுக்குப் போய்விடும். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை இருந்ததால் எந்த இடத்துக்கு என்ன பொறுப்பு என்பதும் தெளிவு. அந்தத் தொகையை யாரும் சுவரில் ஒட்டவில்லை என்பது உண்மை. ஆனால் ரங்கூனில் இறங்கிய பிறகு "உனக்கு எவ்வளவு எதிர்பார்ப்பு?" என்று கேட்கும் நிலையும் இல்லை. பயணச் செலவு விழும் முன் தொகை தெரிந்தாக வேண்டும் என்ற அந்த ஒழுங்குதான் இன்றைய விவாதத்தின் மையம்.

மறைத்தால் செலவு யார் தலையில்?

காரைக்குடியிலிருந்து சென்னைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். அதிகாலையில் புறப்படும் பல்லவன் ரயில் நண்பகல் வாக்கில் எழும்பூர் சேரும். பிற்பகல் நேர்முகம் முடியும்போது ஊர் திரும்பும் பல்லவன் போயிருக்கும், இரவுப் பேருந்துதான். போக வர, சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் சேர்த்து 1,500 ரூபாய், இழந்த ஒரு நாள் கூலி 600 என்று வைத்தால் ஒரு முயற்சிக்கு 2,100. ஐந்து இடங்களுக்குப் போய், அதில் மூன்று இடத்தில் கடைசி நிமிடத்தில் சொன்ன சம்பளம் சென்னையில் விடுதி வாடகைக்கே பற்றாது என்றால் 6,300 ரூபாய் வீண். விளம்பரத்தில் ஒரு வரி இருந்திருந்தால் அந்த மூன்று பயணமும் நடந்திருக்காது. நிறுவனத்துக்கும் மூன்று நேர்முகம் மிச்சம்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. வரம்பு எழுதாத இடத்தில் பேரம் "இப்ப எவ்வளவு வாங்குறீங்க?" என்ற கேள்வியில் தொடங்கும். பதிலாகச் சொல்லும் தொகையே நங்கூரம். அதன் மேல் பத்து இருபது சதவீதம் கூட்டிக் கொடுத்தால் உயர்வு போலத் தெரியும். முதல் வேலையில் குறைவாகச் சேர்ந்தவர், குழந்தைக்காக மூன்று ஆண்டு வேலையை விட்டு மீண்டும் வரும் பெண், சிற்றூரிலிருந்து பெருநகருக்குப் போகிறவர் ஆகியோருக்குப் பழைய குறைவு புதிய வேலைக்கும் கூடவே வரும். பெண்கள் குறைவாகக் கேட்கிறார்கள் என்று குறை சொல்வது எளிது. எந்தத் தொகைக்குள் கேட்கலாம் என்பதை அவர்களுக்குச் சொல்லவே இல்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எழுதச் சொன்ன நாடுகளில் என்ன நடந்தது?

ஆஸ்திரியா 2011-இல் தொடங்கியது. வேலைக்குரிய கூட்டு ஒப்பந்தக் குறைந்தபட்சச் சம்பளத்தை விளம்பரத்தில் போட வேண்டும். நிறுவனங்கள் அந்தக் குறைந்தபட்சத்தை அப்படியே எழுதி, "தகுதி இருந்தால் கூடுதலாகத் தரத் தயார்" என்று ஒரு வரி சேர்த்தன. கீழெல்லை மட்டும் கேட்டால் கீழெல்லை மட்டுமே கிடைக்கும் என்பதற்கு இது பாடம்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் 2021 ஜனவரி 1 முதல் விளம்பரத்திலேயே வரம்பைக் கட்டாயமாக்கியது. மீறலுக்கு 500 முதல் 10,000 டாலர் வரை அபராதம். சில நிறுவனங்கள் வீட்டிலிருந்தே செய்யும் வேலைகளுக்கு "கொலராடோவில் வசிப்பவர் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று எழுதித் தப்பப் பார்த்தன. அப்படி எழுதினாலும் விதி பொருந்தும் என்று மாநிலத் தொழிலாளர் துறை தெளிவுபடுத்தியது. நியூயார்க் நகரம் 2022 நவம்பர் 1-இல் சேர்ந்தது. கலிபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2023 ஜனவரி 1-இல். நியூயார்க்கில் முதல் நாட்களில் ஒரு பெரிய வங்கியின் விளம்பரத்தில் 0 முதல் 20 லட்சம் டாலர் வரை என்று வந்தது. கணினிப் பிழை என்று சொல்லித் திருத்தினார்கள். பிழையாக இல்லாமல் வேண்டுமென்றே மிக அகலமாக எழுதும் வரம்புகளும் உண்டு. சட்டத்தில் "நல்லெண்ணத்துடன் தர நினைக்கும் தொகை" என்று இருந்தாலும் அதை நிரூபிப்பது கடினம்.

ஐரோப்பிய விதி சற்று வேறு வழி. தொடக்கச் சம்பளத்தையோ வரம்பையோ விளம்பரத்தில் அல்லது நேர்முகத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும். பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது. எனக்கு இந்த இரண்டாவது விதிதான் முதலாவதைவிட வலுவாகத் தெரிகிறது. வரம்பை எழுதிவிட்டுப் பழைய சம்பளத்தையும் கேட்டால் நங்கூரம் மறுபடி கீழே இறங்கிவிடும்.

வெளிப்படைத்தன்மை எல்லாருக்கும் சம்பளத்தை ஏற்றிவிடும் என்று சொல்வதற்கில்லை. டென்மார்க் 2006-இல் 35 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் ஆண் பெண் வாரியாகச் சம்பளப் புள்ளிவிவரம் தர வேண்டும் என்று சட்டம் போட்டது. இடைவெளி குறைந்தது. ஆனால் பெரும்பாலும் ஆண்களின் சம்பள வளர்ச்சி மட்டுப்பட்டதால் குறைந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே: ஒருவருக்கு ஏற்றினால் எல்லாரும் கேட்பார்கள் என்று தெரிந்த முதலாளி அந்த ஒருவருக்கும் ஏற்றத் தயங்குவார். வேலை செய்பவர்களின் சம்பளத்தை ஒருவருக்கொருவர் காட்டுவதில் இந்த ஆபத்து கூடுதல். வெளியிலிருந்து வருபவருக்கு வரம்பைக் காட்டும்போது பக்கத்துக் கடைகளோடு போட்டி வருவதால், இழுப்பு மேல்நோக்கியும் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

முதலாளிகள் சொல்லும் தயக்கங்கள்

1. "போட்டிக் கடைக்காரனுக்குத் தெரிந்துவிடும்." காரைக்குடி அளவுள்ள ஊரில் எந்தத் துணிக்கடை என்ன கொடுக்கிறது என்பது போட்டிக் கடைக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பது வேலை தேடி வரும் புதியவருக்கு மட்டும்தான்.

2. "எல்லாரும் மேலெல்லையைத்தான் கேட்பார்கள்." உண்மை. மேலெல்லை யாருக்கு என்பதை எழுதாததால் வரும் சிக்கல் இது. என்ன தகுதி இருந்தால் அந்தத் தொகை என்று ஒரே வரியில் எழுதினால் கேட்பவர் எண்ணிக்கை குறையும்.

3. "நல்ல ஆள் வந்தால் கூடுதலாகக் கொடுக்க இடம் வேண்டும்." வரம்பு என்பதே அந்த இடம்தான்.

4. "ஏற்கெனவே இருக்கும் ஆட்கள் சண்டைக்கு வருவார்கள்." இதுதான் உண்மையான தடை. மற்ற மூன்றும் பேச்சு, இது பணம். இதைத் தீர்க்காமல் விளம்பரத்தில் எண்ணைப் போட்டால் நிறுவனத்துக்குள் தீ பிடிக்கும்.

வரம்பை எப்படி வகுப்பது?

கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒன்றை விடுதியாக்கி நடத்துபவர் வரவேற்புப் பணிக்கு ஆள் தேடுகிறார் என்று கொள்வோம். ஏற்கெனவே நான்கு பேர்: ஓராண்டு ஆனவர் 15,500, இரண்டாண்டு 16,500, நான்காண்டு 17,000, ஏழாண்டு 19,000. இந்தத் தொகைகள் கணக்குக்காக வைத்தவை. செய்முறை எந்த வேலைக்கும் பொருந்தும்.

முதல் படி, வேலையைப் பிரித்து எழுதுவது. வரவேற்பு மட்டுமா, முன்பதிவுக் கணக்குமா, இரவுப் பணியும் உண்டா? இரண்டு வேலையை ஒரு பெயருக்குள் அடைத்தால் வரம்பு தானாக அகலும். மேலெல்லை கீழெல்லையைவிட 50 சதவீதத்துக்கு மேல் போனால், தொடக்கநிலை வேலையில் அது பெரும்பாலும் இரண்டு வேலை ஒட்டிக்கொண்டதன் அடையாளம். இப்படிப்பட்ட பணிக்கு 15 முதல் 25 சதவீத அகலம் போதும். நீண்ட அனுபவம் தேவைப்படும் பணிக்கு 30, 40 வரை போகலாம்.

இரண்டாம் படி, கீழெல்லை. அந்தத் தொழிலுக்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியமும் அகவிலைப்படியும் தரை. அதற்கு மேல், உண்மையில் எந்தத் தொகைக்கு ஆள் வருகிறார் என்று பார்க்க வேண்டும். 15,500-க்கு மூன்று மாதமாக ஆள் கிடைக்கவில்லை, 17,000-க்குத்தான் வருகிறார்கள் என்றால் கீழெல்லை 17,000. பழைய சம்பளத்தின் மேல் உள்ள பாசத்தில் 15,500 என்று எழுதினால் போன் வராது.

மூன்றாம் படியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். புதிதாக வருபவருக்கு 17,000 என்று போட்டால், ஓராண்டு, இரண்டாண்டு ஆன இருவரும் அதற்குக் கீழே இருக்கிறார்கள். அவர்களை 17,000-க்கு ஏற்ற மாதம் 2,000 போதும் என்று கணக்குப் போட்டு நிறுத்திவிடுவார்கள். அப்போது புதியவரும், ஓராண்டு ஆனவரும், நான்காண்டு ஆனவரும் ஒரே 17,000-இல் நிற்பார்கள். முதலில் வேலையை விடுவது அந்த நான்காண்டு ஆள்தான். விருந்தினர் பெயரும் எந்த அறையில் குழாய் ஒழுகும் என்பதும் தெரிந்த ஆள். சரியான கணக்கு நால்வரையும் வரிசை குலையாமல் நகர்த்துவது: 17,000, 17,500, 18,500, 20,000. கூடுதல் 1,500, 1,000, 1,500, 1,000. மொத்தம் மாதம் 5,000. ஆண்டுக்கு 60,000, அதன் மேல் இ.எஸ்.ஐ., பி.எஃப். பங்கில் வரும் உயர்வு. இந்தத் தொகையை ஒரே மாதத்தில் ஏற்ற முடியாவிட்டால் இரண்டு தவணையாக ஏற்றலாம். ஆனால் விளம்பரம் வெளிவரும் முன் நால்வரையும் கூப்பிட்டு, எந்த மாதம் யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். சுவரொட்டியைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்வது மிக மோசமான வழி.

நான்காம் படி, நியமன வரம்பைப் பணிக்கால வரம்பிலிருந்து பிரிப்பது. வேலையின் முழு வரம்பு 17,000 முதல் 20,000. சேரும்போது 17,000 முதல் 18,500. மேல் பாதியைப் பழைய ஆட்களுக்கும் எதிர்கால உயர்வுக்கும் விட்டுவைக்க வேண்டும். வாசலிலேயே உச்சத்தைக் கொடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு உயர்வு கேட்டு வருபவரிடம் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது.

சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்தால் நல்லது, ஆனால் அதை ரூபாயாக்கிச் சம்பள எண்ணில் சேர்க்கக் கூடாது. டிப்ஸும் அப்படித்தான், சீசனில் வரும், ஏப்ரல் மே வெயிலில் வராது. தனி வரியாக எழுதினால் போதும்.

இப்படி வகுத்த பின் விளம்பரம் கிட்டத்தட்ட இவ்வாறு அமையும்:

"வரவேற்புப் பணியாளர் இருவர் தேவை. சேரும்போது மாதச் சம்பளம் 17,000 முதல் 18,500 ரூபாய், பிடித்தத்துக்கு முன். அனுபவம் இல்லாதவர்க்கு 17,000. மூன்றாண்டு விடுதி அனுபவமும் ஆங்கிலத்தில் பேசும் பழக்கமும் இருந்தால் 18,500. பணியாளர் பங்காகப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்குச் சுமார் 15,400 முதல் 16,800 வரை. எட்டு மணி நேரம், சுழற்சி முறை, மாதத்தில் ஒரு வாரம் இரவுப் பணி, வாரம் ஒரு நாள் விடுப்பு. மிகுதி நேரத்துக்கு இரட்டிப்பு வீதம். பணி நேரத்தில் உணவு உண்டு."

சுவரொட்டியில் அடங்கும் அளவுதான்.

கடல் கடந்த வேலைக்குத் தனிக் கவனம்

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா விளம்பரங்களில் சம்பளம் பெரும்பாலும் இருக்கும், அதுவும் பெரிய எழுத்தில். இங்கே சிக்கல் மறைப்பதில் இல்லை, கலப்பதில் இருக்கிறது. "மாதம் 60,000 வரை" என்பதற்குள் மிகுதி நேர வேலையையும் சாப்பாட்டுப்படியையும் சேர்த்திருப்பார்கள். கேட்க வேண்டியது அடிப்படைச் சம்பளம், எத்தனை மணி நேரத்துக்கு, எந்த நாட்டு நாணயத்தில் என்பது.

சிங்கப்பூர் வேலை அனுமதிக்கு அந்நாட்டு மனிதவள அமைச்சகம் தரும் ஐ.பி.ஏ. என்ற முன் ஒப்புதல் கடிதத்தில் அடிப்படை மாதச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் தனித்தனியாக இருக்கும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் அந்தக் கடிதம் தொழிலாளி கைக்கு வர வேண்டும். விளம்பரம் ஒன்று, கடிதம் ஒன்று சொன்னால் கடிதத்தில் உள்ளதுதான் கணக்கு. மலேசியாவும் வளைகுடா நாடுகளும் குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் 18 நாடுகளின் பட்டியலில் உள்ளவை. இந்த அனுமதி பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்குத்தான் தேவைப்படும். வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400. பதிவு எண்ணை அந்த அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ஒன்றரை லட்சம் கட்டச் சொல்லி, "சம்பளம் அங்கே போய்ப் பேசலாம்" என்பவரிடம் ஆவணத்தைக் கொடுக்கவே கூடாது.

சம்பளம் எழுதாத விளம்பரத்துக்குப் போன் செய்யும்போது

பயணச்சீட்டு எடுக்கும் முன் ஐந்து நிமிடப் பேச்சு போதும். வரிசை முக்கியம்.

1. முதலில் வேலை நேரமும் இடமும். இதைக் கேட்காமல் தொகையைக் கேட்டால் சொன்ன தொகைக்குப் பொருள் தெரியாது.

2. "இந்த இடத்துக்கு எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை ஒதுக்கியிருக்கீங்க, சார்?" என்று கேட்க வேண்டும். "எவ்வளவு தருவீங்க?" என்று கேட்டால் "நீங்க எவ்வளவு எதிர்பார்க்குறீங்க?" என்றுதான் திரும்பி வரும்.

3. சொன்ன தொகை பிடித்தத்துக்கு முன்னா பின்னா? பி.எஃப்., இ.எஸ்.ஐ.யில் நிறுவனத்தின் பங்கு இதற்குள்ளா வெளியா?

4. ஊக்கத்தொகை உண்டென்றால், போன ஆண்டு இதே வேலையில் இருந்தவருக்கு அது எத்தனை மாதம் கிடைத்தது?

5. பழைய சம்பளத்தைக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். பின்னால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். "அந்த வேலையும் இந்த வேலையும் வேறுங்க, இந்த வேலைக்கு எனக்கு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை சரியா இருக்கும்" என்று சொல்லலாம். கீழே சொல்லும் எண் உண்மையிலேயே ஏற்றுக்கொள்ளக் கூடியதாக இருக்கட்டும். பேரம் அங்கிருந்துதான் தொடங்கும்.

6. கேட்ட விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்ல வேண்டும். அனுப்பினால் நியமனக் கடிதத்தோடு ஒப்பிட ஒரு தாள் கையில் இருக்கும். "நேர்ல வாங்க, பார்த்துக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால், சென்னைப் பயணத்தின் 2,100 ரூபாயை அந்த ஒரு வரிக்காகச் செலவழிக்கலாமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.